ஆராய்ச்சி மணியும் விண்ணப்பப் படிவமும்

எல்லாளனைப் பற்றிய கதைகளில் கன்றை இழந்த பசுவின் கதையை நாம் எல்லோரும் அறிவோம். தமிழ்நாட்டில் அதே கதையை மனுநீதிச் சோழன்மேல் ஏற்றிச் சொல்வார்கள். ஆனால் எல்லாளனின் ஆராய்ச்சி மணியை அடித்தவர்களுள் ஒரு கிழவியும் உண்டு என்பதை மகாவம்சம் படித்தவர்களே நினைவில் வைத்திருப்பர். அவள் வெயிலில் அரிசி காயப் போட்டிருந்தாள். பருவம் தவறிப் பெய்த மழை அதை நனைத்துவிட்டது. அவள் அரண்மனைக்குச் சென்று மணிக்கயிற்றை இழுத்தாள்.

மழை செய்த குற்றத்துக்கு மன்னன் என்ன செய்ய முடியும்? அந்த வழக்கு எந்த நீதிநூலின் எந்தப் பிரிவில் அடங்கும்? கதையில் வரும் மன்னன் இவ்வாறு கேட்கவில்லை. காலத்தில் மழை பெய்யாததற்குத் தன் ஆட்சியும் பொறுப்பென்று கருதி நோன்பிருந்தான். தமிழ் மன்னனை வென்ற துட்டகைமுனுவைக் காவிய நாயகனாகக் கொண்ட நூலே, தோற்றவனைப் பற்றி இவ்வளவையும் சொல்கிறது.

இது நடந்ததோ நடக்கவில்லையோ, நமக்கு அது முக்கியமன்று. மன்னராட்சியின் கருணைக்கு ஏங்கியும் இதனை நாம் நினைவூட்டவில்லை. ஓர் அரசின் வாசல் எப்படி இருக்க வேண்டும் என்று மக்கள் விரும்பினார்கள் என்பதை இக்கதை காட்டுகிறது. மணி எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அடித்தவரின் பெயர், பிறந்த திகதி, தந்தையின் பெயர், வழக்கின் வகை எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. விளங்கிக்கொள்ளும் சுமை உள்ளே இருந்தவனுடையது.

இன்றைய அரசின் வாசலில் மணி இல்லை. விண்ணப்பப் படிவம் இருக்கிறது. அங்கே முதலில் பேசுவது அரசு. அது கேட்கிறது, நாம் விடை சொல்கிறோம். விளங்கவைக்கும் சுமை வெளியே நிற்பவன் தலையில் ஏறிவிட்டது. இலட்சக்கணக்கான மக்களை ஆளும் நவீன அரசுக்குப் படிவம் இன்றியமையாதது என்பதை நாம் மறுக்கவில்லை. நாம் எழுப்ப விரும்பும் கேள்வி வேறு. குடிவரவு, குடியகல்வுக்கான படிவங்கள் மெல்ல மெல்லக் காகிதத்தை விட்டுக் கணினித் திரைக்கு நகரும் இந்நாளில், கேட்கும் உரிமையை வைத்திருக்கும் அரசுக்கு, திருப்பிக் கேட்கப்படும் கடமையும் உண்டா, இல்லையா?

இக்கேள்வியை வன்னி மண்ணில் நின்று கேட்பதற்குக் காரணம் உண்டு. காகிதத்தின் வலிமையை இம்மண்ணின் மக்கள் அறிந்த அளவுக்கு அறிந்தவர் இந்நாட்டில் சிலரே. தொண்ணூறுகளில் வன்னியிலிருந்து வெளியேறப் புலிகளின் அனுமதிப் பத்திரம் வேண்டும். வவுனியாவுக்குள் வந்தவர் அங்கே தங்கவும் தெற்கே செல்லவும் படையினரின் பாஸ் வேண்டும். ஒரே மனிதன் இரு பக்கமும் தன் இருப்புக்குச் சான்று காட்டினான். ஓமந்தைச் சோதனைச் சாவடி, போர் முடிந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 2015இல்தான் அகற்றப்பட்டது. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்கள் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமை அடைந்தபோது, பலர் கையில் பிறப்புச் சான்றிதழும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. பதுங்கு குழியில் பிள்ளையைக் காத்த கை பத்திரத்தைக் காக்க முடியவில்லை. அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. அதன் பின்னும் இழந்த பத்திரங்களைத் திரும்பப் பெறும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது.

இப்போது படிவங்கள் நகர்ந்த வரலாற்றைப் பார்ப்போம். இந்நாட்டுக்கு வரும் வெளிநாட்டவர் தம் நாட்டில் இருந்தபடியே இணையவழி அனுமதி பெறும் ஏற்பாடு 2012இல் தொடங்கிற்று. இந்நாட்டின் குடிமகன் தன் கடவுச்சீட்டுக்கு இணையவழி விண்ணப்பிக்கும் ஏற்பாடோ 2023 ஜூனில்தான் வந்தது. உல்லாசப் பயணிக்குத் திறந்த வாசல், சொந்தக் குடிமகனுக்குத் திறக்கப் பதினோர் ஆண்டுகள் சென்றன. பயணி பணம் கொண்டு வருகிறான். குடிமகன் உரிமை கேட்டு வருகிறான். இவ்விருவருள் யாருக்கு முதலில் கதவு திறந்தது என்பதிலேயே ஓர் அரசியல் பொருளாதாரப் பாடம் இருக்கிறது.

இடையில் 2015இல் கடவுச்சீட்டுக்குக் கைவிரல் அடையாளம் கட்டாயமாயிற்று. 2022இல் பொருளாதாரம் சரிந்தபோது மக்கள் வெளியேற முண்டியடித்தனர். அவ்வோர் ஆண்டில் மட்டும் 9 இலட்சத்துக்கு மேற்பட்ட கடவுச்சீட்டுகள் வழங்கப்பட்டன. பத்தரமுல்லையிலும் வவுனியாவிலும் அலுவலக வாசல்களில் மக்கள் இரவைக் கழித்தனர். மறு ஆண்டில் இணையவழி முறை வந்தபோது, விரலடையாளத்தை நாடெங்கும் ஏறக்குறைய 50 பிரதேச செயலகங்களில் கொடுக்கலாம், கடவுச்சீட்டு வீட்டுக்கே வந்து சேரும் என்று சொல்லப்பட்டது. 2024இல் வெற்றுக் கடவுச்சீட்டுப் புத்தகங்களுக்கே தட்டுப்பாடு வந்தது. வரிசைகள் மீண்டும் நீண்டன. அவ்வாண்டு நவம்பரில், நேரில் வருவோரும் இணையத்தில் திகதி பெற்றே வரவேண்டும் என்றானது. 2025 செப்டெம்பர் 1இல் யாழ்ப்பாணத்தில் கடவுச்சீட்டு அலுவலகம் திறக்கும்வரை வட மாகாணம் முழுவதற்கும் வவுனியாவே வாசலாக இருந்தது.

இந்த மாற்றம் மெதுவாக நடக்கிறதே என்று குறைகூற நாம் வரவில்லை. செல்வமும் தொழில்நுட்பமும் மிக்க நாடுகளிலும் இது மெதுவாகவே நடந்தது. அமெரிக்காவின் குடிவரவுத் துறை தன் படிவங்களை இணையத்துக்கு மாற்றப் பத்தாண்டு முயன்று 100 கோடி டொலருக்குமேல் செலவழித்த பிறகும், 2015இல், தொண்ணூறுக்கு மேற்பட்ட படிவங்களில் ஒன்றே ஒன்றுதான் இணையவழி நிரப்பக்கூடியதாக இருந்தது. மெதுவாக நகர்வது குற்றமன்று. நகரும்போது எதை ஏற்றிக்கொண்டு போகிறோம், எதை இறக்கி விட்டுப் போகிறோம் என்பதே கேள்வி.

முதலில் எதிர்த்தரப்பின் நியாயத்தைச் சொல்லிவிடுவோம். திரைக்கு முன்பிருந்த காலம் பொற்காலமன்று. 'சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும்' என்ற பழமொழி நம் கச்சேரி வாசல்களில்தான் தன் முழுப் பொருளைப் பெற்றது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து பஸ்ஸேறி வந்த ஒருவன், 'இன்று ஐயா இல்லை, நாளை வா' என்ற ஒரு சொல்லில் ஒரு நாள் கூலியையும் போக்குவரத்துச் செலவையும் இழந்து திரும்பினான். தனியே வந்த பெண், வரிசையில் இரவு நிற்க வேண்டியதாயிற்று. தெரியாத மொழியில் அச்சிட்ட தாளை, தெரிந்தவர் ஒருவர் நிரப்பித் தர, அதற்குக் கூலி கொடுத்துக் கையொப்பமிட்டவர் பலர். விண்ணப்பதாரரின் ஊரையும் சாதியையும் உடையையும் பார்த்துக் குரலின் உயரத்தை மாற்றிக்கொண்ட எழுதுவினைஞர்களையும் நாம் கண்டிருக்கிறோம்.

திரைக்கு இந்தக் கண் இல்லை. அது யாரையும் 'நீ' என்று அழைப்பதில்லை. யாரிடமும் தேநீர்ச் செலவு கேட்பதில்லை. நள்ளிரவிலும் திறந்திருக்கிறது. கிளிநொச்சியில் ஒரு பட்டதாரி இளைஞன் தன் கைத்தொலைபேசியிலேயே விண்ணப்பத்தை நிரப்பிவிடுகிறான் என்றால், அது அவன் தந்தை கனவிலும் காணாத விடுதலை. இதனை முதலாளித்துவத்தின் சூழ்ச்சி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது சோம்பலான சிந்தனை. இயந்திரத்தை உடைப்பதால் தொழிலாளி விடுதலை பெற்றதில்லை. இயந்திரம் யாருக்காக ஓடுகிறது என்று கேட்டபோதுதான் பெற்றான்.

ஆகவே நாமும் அதையே கேட்போம். வாசலில் இருந்த வரிசை எங்கே போயிற்று?

அது கொம்யூனிகேஷன் கடைக்குப் போயிற்று. புதுக்குடியிருப்பிலோ, ஒட்டுசுட்டானிலோ, துணுக்காயிலோ ஓர் ஐம்பது வயதுத் தாயை எண்ணிப் பாருங்கள். அவரிடம் கணினி இல்லை. கைத்தொலைபேசி உண்டு, அது பேசுவதற்கு. கடைக்காரர் இளைஞர், நல்லவர். அம்மாவின் அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் ஸ்கேன் செய்கிறார். அம்மாவுக்கு மின்னஞ்சல் இல்லாததால் தாமே ஒன்று உருவாக்குகிறார். அதன் கடவுச்சொல் அவர் நினைவிலோ ஒரு துண்டுக் கடதாசியிலோ இருக்கும். 'குடும்பப் பெயர்' என்ற கட்டம் வருகிறது. நம் மக்களுக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. தந்தையின் பெயரையோ கணவரின் பெயரையோ அங்கே இடவேண்டும். எதை இடுவது? பிறப்புச் சான்றிதழில் தமிழில் உள்ள பெயரை ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும். அடையாள அட்டையில் ஓர் எழுத்து, திருமணப் பதிவில் இன்னோர் எழுத்து. 'அம்மா, எது சரி?' 'தம்பி, உமக்குத் தெரியாததோ?' கடைக்காரர் ஒன்றைத் தேர்ந்து தட்டுகிறார். அந்த ஒரு தட்டலில் ஒரு மனிதப் பிறவியின் பெயர் உலகத்துக்கு முடிவாகிறது.

கடைக்காரரை நாம் குறைகூறவில்லை. அவர் அரசின் வேலையைச் செய்கிறார். கூலியை ஏழையிடம் வாங்குகிறார், வேறு எவரும் தராததால். முன்பு எழுதுவினைஞருக்குச் சம்பளம் கொடுத்த அரசு, இன்று அந்த வேலையைக் குடிமக்களிடமே ஒப்படைத்துவிட்டு, அதற்கு 'வசதி' என்று பெயரிட்டிருக்கிறது. 2024 பெப்ரவரி முதல் சாதாரண சேவைக் கடவுச்சீட்டுக்கு 10,000 ரூபாய் என்று கட்டணம் இருமடங்காயிற்று. அதற்கு மேலே கடைக்கூலி. கற்றவனுக்கு வரிசை இல்லாமற் போயிற்று. கல்லாதவனுக்கு வரிசையோடு ஒரு தரகனும் வந்தான். ஒரே சீர்திருத்தம் இருவருக்கு இருவிதமாகப் பலித்தால், அச்சீர்திருத்தம் சமத்துவத்தின் பெயரால் பேசத் தகுதியுடையதா?

வாசலையே வாடகைக்கு விடும் அபாயமும் இருக்கிறது. 2024 ஏப்ரலில் வெளிநாட்டவருக்கான விசா விண்ணப்பப் பணி வெளிநாட்டு நிறுவனக் கூட்டு ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது; கட்டணங்கள் உயர்ந்தன. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. ஒகஸ்டில் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தி, பழைய முறைக்குத் திரும்பக் கட்டளையிட்டது. அக்கட்டளை நிறைவேற்றப்படாமையால், செப்டெம்பரில் திணைக்களத்தின் தலைமை அதிகாரியே நீதிமன்ற அவமதிப்புக்காக விளக்கமறியலில் வைக்கப்பட்டார். மணிக்கயிறு பொதுச் சொத்து என்பதை ஒரு நீதிமன்றம் நினைவூட்ட வேண்டியிருந்தது.

இவையெல்லாம் வசதியும் செலவும் பற்றியவை. கடைகளுக்கு விதி செய்தும், கட்டணத்தைக் குறைத்தும், கணினிப் பயிற்சி கொடுத்தும் இவற்றைத் தீர்க்கலாம் என்பார் உண்டு. தீர்க்கலாம்தான். ஆனால் இவற்றுக்கு அடியில் இன்னோர் அறப்பிரச்சினை கிடக்கிறது. அதைப் பயிற்சியால் தீர்க்க முடியாது.

அதே தாயை மீண்டும் நினைப்போம். அவர் மகள் மணமுடித்து வெளிநாட்டில் இருக்கிறாள், பிள்ளைப்பேறு. தாய் போக வேண்டும். அந்த நாட்டின் விசா விண்ணப்பமும் திரையில்தான். 'திருமண நிலை' என்று ஒரு கட்டம். தட்டினால் ஒரு பட்டியல் விழுகிறது: திருமணமானவர், கைம்பெண், மணமுறிவு பெற்றவர், பிரிந்து வாழ்பவர். தாய் பேசாதிருக்கிறார். கடைக்காரத் தம்பி திரும்பிப் பார்க்கிறார். அவர் 'திருமணமானவர்' என்பதைத் தட்டினால் அடுத்த கட்டம் கணவரின் தற்போதைய முகவரியைக் கேட்கும்.

2009 மே மாதத்தில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்து படையினரிடம் கணவரை ஒப்படைத்த பெண்கள் வன்னியில் இருக்கிறார்கள். அதன் பின் அவர்களுக்கு எந்தச் செய்தியும் இல்லை. 2010இல் வந்த சட்டம் ஒன்று, காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் பெற வழி செய்தது. பல பெண்கள் அதை வாங்க மறுத்தார்கள். 'நீங்கள் கொண்டுபோன ஆளை நான் ஏன் இறந்தவன் என்று எழுதித்தர வேண்டும்?' என்பதே அந்த மறுப்பின் பொருள். 2016இல்தான், இறந்தார் என்று கூறாமல் அவர் காணப்படவில்லை என்று மட்டும் சான்றளிக்கும் பத்திரத்துக்குச் சட்டம் இடம் தந்தது. இறந்தவர், இருப்பவர் என்ற இரண்டுக்கும் நடுவே மூன்றாவது சொல் ஒன்றைக் கண்டுபிடிக்க நம் நாட்டின் சட்டத்துக்குப் போர் முடிந்து ஏழு ஆண்டுகள் ஆயின. மறு ஆண்டு பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியிலும் வவுனியாவிலும் தாய்மார் தொடர் போராட்டம் தொடங்கினர். அவர்களுள் பலர் விடை கிடைக்காமலே இறந்துபோயினர்.

அப்படிப்பட்ட ஒருத்தி திரையின் முன் இருக்கிறாள். 'கைம்பெண்' என்று தட்டினால் வேலை முடிந்தது. அது ஒரே ஒரு தொடுகை. ஆனால் அவள் ஆண்டுக்கணக்காகச் சொல்ல மறுத்த சொல் அது. மகளின் பிள்ளையைக் காண்பதற்கு விலையாக அந்தச் சொல்லைத் திரை கேட்கிறது. கேட்பது பகையால் அன்று. வேறு விடை உண்டென்று அதற்குத் தெரியாது, அவ்வளவே. கட்டத்தை வெறுமையாக விட்டால் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வரும். யோசித்துக்கொண்டே இருந்தால் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி முதலிலிருந்து தொடங்கச் சொல்லும்.

காகிதப் படிவத்திலும் இதே கட்டங்கள்தாம் இருந்தன என்று ஒருவர் சொல்லலாம். உண்மை. ஆனால் காகிதத்துக்கு ஓரம் இருந்தது. 'கணவர் 2009இல் காணாமற்போனவர்' என்று அந்த ஓரத்தில் எழுதலாம். வேண்டியவர் ஒரு கடிதத்தை ஊசியால் குத்தி இணைக்கலாம். கட்டத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்துவிட்டு, 'ஐயா, இதற்கு நான் என்ன எழுதுவது?' என்று திருப்பிக் கேட்கலாம். எழுதுவினைஞர் எரிந்து விழுந்திருக்கலாம். ஆயினும் அவருக்கு ஒரு காது இருந்தது, அவருக்கு மேலே ஒரு அதிகாரி இருந்தார். அந்தக் கேள்வி யாரோ ஒருவர் மேசையில் விழுந்து அவரைச் சங்கடப்படுத்தியது. அரசு சங்கடப்படுவது நல்லது. சட்டங்கள் மாறுவதற்கு அந்தச் சங்கடமும் ஒரு காரணம். 2016ஆம் ஆண்டுச் சட்டம் வானத்திலிருந்து விழவில்லை. கட்டத்துக்குள் அடங்க மறுத்தவர்கள் அதைக் கொண்டுவந்தார்கள்.

திரைக்கு ஓரம் இல்லை. கட்டத்துக்குள் அடங்காத உண்மையை அது தவறாகப் பதிவதுகூட இல்லை, பதியவே மறுக்கிறது. அவள் திரும்பிப் போனாள் என்பதற்கு எந்தக் கோப்பிலும் அடையாளம் இராது. நிராகரிக்கப்பட்டவன் மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பிக்கவே முடியாதவன் எதை எதிர்த்து முறையிடுவான்? காகித அரசு மக்களை அவமதித்தது; திரை அரசு அவர்களைக் காணாமலே இருந்துவிடக்கூடும். இரண்டில் எது பெரிய அநீதி என்று தராசு தூக்க நாம் விரும்பவில்லை. இரண்டாவது அநீதிக்குச் சாட்சி இல்லை என்பதை மட்டும் சொல்லுகிறோம்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். 'ஓரம் என்கிறீர்கள். அந்த ஓரத்தில்தானே சலுகையும் இலஞ்சமும் நுழைந்தன? தெரிந்தவனுக்கு ஒரு நியாயம், தெரியாதவனுக்கு ஒரு நியாயம் என்றிருந்ததை ஒழிக்கத்தானே எல்லோருக்கும் ஒரே கட்டம் வைத்தோம்?' இந்த ஆட்சேபம் வலுவானது; அதை ஒதுக்கிவிட்டு நாம் மேலே செல்ல முடியாது. எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பது சமத்துவத்தின் முதற்படி என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அதுவே கடைசிப்படி அன்று. கொழும்பில் வீட்டு அலுமாரியில் பத்திரங்கள் பத்திரமாய் இருக்கும் குடும்பத்திடமும், மூன்று தடவை குடிபெயர்ந்து நந்திக்கடலின் சேற்றில் அனைத்தையும் விட்டுவந்த குடும்பத்திடமும் ஒரே பத்திரத்தை ஒரே நாளில் கேட்பது ஒரே மாதிரி நடத்துவது ஆகலாம், நீதியாகாது. பத்திரம் தொலையக் காரணமான போரை நடத்திய தரப்புகளுள் அரசும் ஒன்று. தொலைக்கச் செய்தவனே தொலைத்தவனிடம் சான்று கேட்பது எந்த ஊர் வழக்கு?

இது இயந்திரம் வந்த பின் பிறந்த அநீதி என்று மயங்கவும் வேண்டாம். 1948இல் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழரிடம், 1949ஆம் ஆண்டின் இந்திய பாக்கிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் கேட்டது என்ன? மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும், 1946க்கு முன் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்ததைப் பத்திரங்களால் நிரூபி என்றது. தோட்டத்து லயனில் பிறந்து தேயிலைக் கொழுந்தோடு வளர்ந்தவனிடம் என்ன பத்திரம் இருக்கும்? 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏறக்குறைய 1,34,000 பேரே ஏற்கப்பட்டனர். மிகுதிப் பேரில் பெரும்பாலோரை 1964இல் இரு அரசுகள் ஒப்பந்தம் எழுதிப் பங்கிட்டுக்கொண்டன. அம்மக்களுள் ஒரு பகுதியினர் 1977 வன்செயலுக்குப் பின் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறினர். இன்றைய வன்னியில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் படிவம் நிரப்புகிறார்கள். அவர்களைத் தோற்கடித்த அன்றைய படிவம் முழுக்க முழுக்கக் காகிதம், ஓரமும் இருந்தது. அந்த ஓரத்தைப் படிக்கத்தான் அரசு விரும்பவில்லை.

அதே 1948இல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து 'விண்ட்ரஷ்' கப்பலில் பிரித்தானியா சென்றவர்களும், பின்வந்த ஆண்டுகளில் அவ்வழியே சென்றவர்களும் எழுபது ஆண்டுகளுக்குப் பின் இதே சுவரில் மோதினர். அவர்கள் வந்திறங்கியதைக் காட்டும் பழைய அட்டைகளை 2010இல் உள்துறை அமைச்சே அழித்திருந்தது. பின்பு அதே அமைச்சு, வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் சான்று கொண்டுவா என்று அவர்களிடம் கேட்டது. 2018இல் அது வெளிவந்து நாடே நாணிற்று. ஆகவே பிரச்சினை காகிதமா, திரையா என்பதன்று. நிரூபிக்கும் சுமையை யார் தாங்குவது என்பதே பிரச்சினை. திரை செய்வதெல்லாம், அச்சுமை யார் தலையில் இருக்கிறதோ அங்கேயே அதை இறுகக் கட்டிவிடுவதுதான்.

அப்படியானால் செய்யத்தக்கது என்ன? பழைய சன்னலுக்குத் திரும்புங்கள் என்று நாம் சொல்லவில்லை. திரை வரட்டும், இன்னும் விரைவாக வரட்டும். ஆனால் அரசு கேட்கும் ஒவ்வொரு கேள்வியிலும், 'இவற்றுள் எதுவும் என் நிலையன்று' என்று எழுத ஓர் இடம் இருக்க வேண்டும். அங்கே எழுதப்படுவதைப் பெயரும் பதவியும் உடைய ஒரு மனிதர் குறித்த நாளுக்குள் படித்து, காரணத்தோடு எழுத்தில் விடை தரவேண்டும். சலுகை நுழையாமல் காப்பதற்கு வழி இதுவே, ஓரத்தை வெட்டிவிடுவதன்று. ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் விண்ணப்பத்தை இலவசமாக நிரப்பித் தரும் அலுவலர் ஒருவர், தமிழில் பேசுபவர், அரசின் சம்பளத்தில் இருக்க வேண்டும். தமிழில் அரசோடு கருமமாற்றும் உரிமை 1987ஆம், 1988ஆம் ஆண்டுகளின் அரசியலமைப்புத் திருத்தங்களால் நம் கையில் இருக்கிறது. திரைக்கு மாறியதால் அது காலாவதியாகிவிடவில்லை. விண்ணப்பிக்க முயன்று முடியாமற் போனவர்களின் கணக்கும் வெளியிடப்பட வேண்டும். எண்ணப்படாத துன்பத்துக்கு எந்த வரவு செலவுத் திட்டமும் பணம் ஒதுக்காது.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவத் தோழர்களுக்கும் ஒரு சொல். பாடசாலைக் கணினி அறையை ஞாயிற்றுக்கிழமையில் ஊருக்குத் திறந்துவிட்டு, படிவம் நிரப்ப உதவும் எண்ணம் உங்களுக்குத் தோன்றினால் அது மிக நல்லது. உதவுங்கள். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். கொம்யூனிகேஷன் கடைக்காரர் கூலிக்குச் செய்யும் அரசு வேலையை நாம் இலவசமாகச் செய்வதால் மட்டும் அநீதி அநீதி அல்லாமற் போகாது. உதவும்போது ஒரு கொப்பியை அருகில் வைத்திருங்கள். எந்தக் கட்டத்தில் எந்த மனிதர் நின்றுவிட்டார், என்ன சொன்னார் என்று, ஆளை அடையாளம் காட்டாமல் எழுதி வையுங்கள். திரையில் இல்லாத ஓரம் அந்தக் கொப்பியாக இருக்கட்டும். பத்து ஊர்களின் கொப்பிகள் ஒன்றுசேர்ந்தால் அது ஒரு மனு. நூறு ஊர்களின் கொப்பிகளை எந்தத் திணைக்களமும் பார்க்காததுபோல் இருந்துவிட முடியாது.

மழையில் அரிசி நனைந்த கிழவியிடம் நாம் திரும்பி வருகிறோம். அவளுடைய வழக்குக்கு வகை இல்லை; ஆயினும் அவளை உள்ளே விட்டார்கள். அது ஒரு மன்னனின் நற்குணத்தால் நடந்ததாகக் கதை சொல்கிறது. மன்னனின் நற்குணத்தை நம்பி வாழும் நிலையில் இன்று நாம் இல்லை, இருக்கவும் விரும்பவில்லை. அவனுடைய கருணையாக இருந்ததைக் குடிமக்களின் உரிமையாக மாற்றுவதுதான் மக்களாட்சி. துணுக்காயிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு தாய் திரையின் முன் பேசாமல் இருக்கிறாள். அவளுக்குக் கணினி தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். அவள் அரசிடம் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தக் கேள்வி விழுவதற்கு ஓர் இடத்தைப் படிவத்தில் உண்டாக்கித் தருவது அரசின் கடமை. அது உண்டாகும்வரை அவளுக்காக உரத்துக் கேட்பது நம் கடமை.